இரண்டு நிமிட மாவுலி

புல்கேட் பஸ் நிலையத்தில் அன்று காலை ஒரு பஸ்கூட இல்லை. இருந்திருந்தாலும் சுந்தரமூர்த்திக்குப் பெரிய லாபம் கிடையாது. புனேயில் பஸ் நம்பரை மராத்தி எழுத்தில்தான் போடுவார்கள். மலேசியாவின் ஈப்போவிலிருந்து பி.காம். படிக்க வந்து இறங்கிய பையனுக்கு அந்த நம்பரெல்லாம் யாரோ அவசரத்தில் இழுத்த கோலமாகத்தான் தெரியும். வந்த புதிதில் ஒருநாள் கல்லூரிக்கு என்று நம்பி ஏறி, கடக்வாஸ்லா அணைக்கட்டில் போய் இறங்கி, தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். அன்றோடு பஸ்ஸுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தான்.

நடந்த பிறகுதான் ஊர் பிடித்துப் போனது. லட்சுமி ரோட்டின் புடவைக் கடைகள், பேட்டைத் தெருக்கள், பர்வதி மலைப்படி என்று கால் போன போக்கில் போனான். ஒரு கடைக்காரரிடம் வழி கேட்டபோது அவர் பேசாமல் ஒரு பலகையைக் காட்டினார். 'இங்கே விலாசம் விசாரிக்கக் கூடாது' என்று எழுதியிருந்ததாம். படிக்கத் தெரியாமல் இவன் பேந்தப் பேந்த விழிக்க, அதே மனிதர் கடையை விட்டு இறங்கித் தெருமுனைவரை கூட்டிக்கொண்டு போய் விட்டார். இந்த ஊர்க்காரர்களின் கோபமெல்லாம் பலகையோடு சரி என்று அன்றைக்கே அவனுக்குப் புரிந்துவிட்டது.

ஹாஸ்டல் வார்டன் கானிட்கர் மட்டும் விதிவிலக்கு. அவருடைய கோபம் பலகையில் அடங்காது. இடுப்பில் ஒரு பெரிய சாவிக்கொத்து தொங்கும். அந்தச் சத்தம் கேட்டாலே மாடியில் இருக்கிற பையன்கள் விளக்கை அணைத்துவிடுவார்கள். ஊர் சுற்றிவிட்டுக் கேட் மூடிய பிறகு வந்து நிற்கிற மூர்த்தியை அவருக்குக் கட்டோடு பிடிக்கவில்லை.

முந்தின நாள் அவர் மூர்த்தியைக் கூப்பிட்டு ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளிவிட்டார். பாதி புரியாமல் அவன் மெஸ் சமையல்காரர் துரைசாமியிடம் போய் நின்றான். துரைசாமி புனேயிலேயே கட்கி பக்கம் பிறந்து வளர்ந்த தமிழர்.

"இன்னாப்பா புரியல? வெளிநாட்டுப் பசங்களுக்கெல்லாம் இந்த ஊர்ல ஒரு லோக்கல் கார்டியன் இருக்கணும். நீ வந்ததுலேர்ந்து 'நாளைக்கு நாளைக்கு'ன்னு டபாய்ச்சுகினே இருக்க. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஆளை நேர்ல கொண்டாந்து நிறுத்தணுமாம். இல்லாட்டி ஞாயித்துக்கிழமை காலையில உன் பெட்டி ரோட்டுல. கட்டிலுக்கு வேற பையன் ரெடியா நிக்கிறான்."

"ஹாஸ்டல் இல்லன்னா நான் எங்கண்ணே போறது?"

"ஈப்போவுக்குத்தான்," என்றார் துரைசாமி, வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே.

அது வேடிக்கைக்குச் சொன்னது இல்லை. மூர்த்தியின் அப்பா லாரி ஓட்டுகிறவர். ஹாஸ்டல் என்றால்தான் படிப்பு, வெளியே ரூம் எடுத்துப் படிக்கவைக்கத் தெம்பில்லை என்று விமான நிலையத்திலேயே சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் அவருடைய லாரிக் கூட்டாளி ஒருவரின் தம்பி சவரிமுத்து, ஹடப்சரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். எஸ்.டி.டி. பூத்திலிருந்து அவருடைய பக்கத்து வீட்டு நம்பருக்கு அடித்து மூர்த்தி அவரைப் பிடித்துவிட்டான்.

"அதுக்கென்ன தம்பி, வந்து மூஞ்சியக் காட்டிருதேன்," என்றார் சவரிமுத்து. "ஆனா நாளைக்குச் சாயங்காலம் நான் தூத்துக்குடிக்கு ரயிலேறணும், அக்கா மவ கல்யாணம். நீ காலையிலேயே வந்துரு. வார்டனைப் பாத்துட்டு நான் அப்படியே டேசனுக்குப் போயிருதேன்."

அந்தக் காலைதான் இது. பஸ் இல்லை, ஆட்டோ இல்லை. ரோடு முழுக்க ஜனம்.

வெள்ளை வேட்டி, வெள்ளைக் குல்லாய், நெற்றியில் சந்தனம். பெண்கள் தலையில் துளசிமாடம். ஞானேஸ்வரரின் பாதுகையைப் பல்லக்கில் வைத்துக்கொண்டு பண்டரிபுரத்துக்கு நடந்தே போகிறவர்கள். வருஷா வருஷம் புனேயில் தங்கிவிட்டுக் கிளம்புவார்கள். அன்று அவர்கள் கிளம்பும் நாள்.

"ஹடப்சர்?" என்றான் மூர்த்தி, ஒரு போலீஸ்காரரிடம்.

போலீஸ்காரர் கூட்டத்தைக் காட்டினார். "ஹடப்சர் ஸ்ட்ரெய்ட். கோ வித் தெம். நோ பஸ்."

மூர்த்திக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். ஈப்போவில் ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அப்பா காவடி எடுப்பார், இவன் பால்குடத்தோடு பின்னால் நடப்பான். சாமி ஊர்வலம் என்றால் அவன் காலுக்குத் தானாகவே ஒரு பழக்கம் உண்டு. யோசிக்காமல் குனிந்து ஷூவைக் கழற்றினான். இரண்டையும் கயிற்றால் முடிந்து தோளில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு கூட்டத்தில் கலந்தான்.

அந்த ஒரு காரியம்தான் அவனை மாட்டிவிட்டது. ஷூ போட்டவன் வேடிக்கை பார்க்க வந்தவன், வெறுங்காலோடு நடக்கிறவன் நம்மாள் என்று முடிவு செய்தாள் பக்கத்தில் வந்த சக்குபாய் என்ற கிழவி. பையிலிருந்து ஒரு குல்லாயை எடுத்து அவன் தலையில் கவிழ்த்தாள். இன்னொருத்தர் நெற்றியில் சந்தனத்தை இழுத்து நடுவில் கறுப்புப் பொட்டு வைத்தார். மூர்த்தி மறுக்கவில்லை. வெயிலுக்குக் குல்லாய் நல்லதுதானே என்று நினைத்தான்.

கூட்டம் சிறுசிறு குழுக்களாக நடந்தது. குழுவுக்குத் திண்டி என்று பெயர். திண்டியில் சிலர் தாளம் தட்டினார்கள், ஒருவர் மிருதங்கம் வாசித்தார், சிலர் கொடி பிடித்தார்கள். நடுவில் ஒருவர் கழுத்தில் வீணையை மாட்டிக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் அந்த வீணைக்காரரின் முகம் கோணியது. சுற்றுமுற்றும் பார்த்தார். எல்லார் கையிலும் ஏதோ ஒன்று இருந்தது. வெறுங்கையோடு இருந்தது மூர்த்தி மட்டும்தான்.

"மாவுலி, தோன் மினிட்!" என்று இரண்டு விரலைக் காட்டினார். பிறகு சுண்டுவிரலைக் காட்டினார். அதற்கு எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தான்.

மூர்த்தி தலையாட்டுவதற்குள் வீணை அவன் கழுத்துக்கு வந்துவிட்டது. மனிதர் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஒரு சந்துக்குள் ஓடினார்.

இரண்டு நிமிடம் ஆனது. இருபது நிமிடமும் ஆனது. ஆள் வரவில்லை.

சரி, வேறு யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று மூர்த்தி தாளம் தட்டுகிறவரிடம் வீணையை நீட்டினான். அவர் தாளத்தை நிறுத்தி, "மாவுலி!" என்று அவன் காலில் விழுந்து எழுந்து, மறுபடி தாளம் தட்டினார். கொடிக்காரரிடம் நீட்டினான். அவரும் விழுந்தார். வீணை வைத்திருப்பவர் காலைத் தொடுவது புண்ணியம் என்பது அவர்கள் வழக்கம். இவன் வீணையோடு யார் பக்கம் திரும்பினாலும் ஆசீர்வாதம் பண்ண வருகிறார் என்றே நினைத்தார்கள்.

'என்னாலா இது' என்று ஈப்போ பாஷையில் நொந்துகொண்டு, ரோட்டோரத்துச் சுவரில் வீணையைச் சாய்த்துவைக்கப் போனான். பின்னாலிருந்து ஒரு அலறல். சக்குபாய் துளசிமாடத்தோடு ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தரையைக் காட்டி, வீணையைக் காட்டி, இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். வீணையைக் கீழே வைக்கக் கூடாது என்பது மொழி தெரியாதவனுக்கே விளங்கியது. வீணையோடு ஷூவைச் சேர்த்து மாட்டியிருந்ததையும் அப்போதுதான் பார்த்தாள். முகத்தைச் சுளித்து, ஷூவை உருவித் தன் மூட்டைக்குள் போட்டுக்கொண்டாள். அந்த ஷூ பிறகு பண்டரிபுரம் போய்ச் சேர்ந்திருக்கும். மூர்த்தி அதைப் பார்க்கவில்லை.

ஹடப்சர் வந்தது. ரோட்டின் இடப்பக்கம் தொழிற்சாலைக் குடியிருப்பின் வளைவு தெரிந்தது. 'ரெண்டாவது சந்து, மூணாவது வீடு' என்று சவரிமுத்து சொல்லியிருந்தார். வீணைக்காரர் வராவிட்டால் போகட்டும், வீணையோடு போய்ச் சவரிமுத்துவிடமே நியாயம் கேட்போம் என்று மூர்த்தி வளைவுக்குள் திரும்பினான்.

திண்டியும் திரும்பியது.

வீணை போகிற வழியே திண்டி போகும் வழி. இது அவனுக்குத் தெரியாது. பின்னால் பார்த்தான். கொடி, தாளம், மிருதங்கம், துளசிமாடங்கள் எல்லாம் குடியிருப்புச் சந்துக்குள் வந்துகொண்டிருந்தன. வேகமாக நடந்தான். அவர்களும் வேகமாக நடந்தார்கள். பயந்துபோய் நின்றான். எல்லோரும் நின்று, அங்கேயே ஒரு பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். நின்ற இடம் சவரிமுத்துவின் வாசல். கதவில் பெயர்ப்பலகை இருந்தது.

கதவைத் திறந்தாள் சவரிமுத்துவின் மனைவி ஆஷா. வாசல் நிறைய பக்தர்கள் ஆடுவதைப் பார்த்ததும் அவளுக்குக் கை கால் ஓடவில்லை. "அகோ பாயீ!" என்று மராத்தியில் வியந்துவிட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து மூர்த்தியின் காலைக் கழுவினாள்.

"ஆண்ட்டி! நான்தான் மூர்த்தி! ஈப்போ!"

தாளச் சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. ஆஷா குனிந்த தலை நிமிராமல், "ஹோ மாவுலி, ஹோ," என்று ஆமாம் போட்டாள்.

அதற்குள் சவரிமுத்து எங்கிருந்தோ ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஓடிவந்தார். "அங்கிள்!" என்று மூர்த்தி வாயைத் திறந்தான். அவன் கை இரண்டும் வீணையில் இருப்பதைப் பார்த்த சவரிமுத்து, பசிக்குத்தான் வாயைத் திறக்கிறார் என்று பரிதாபப்பட்டு, ஒரு பழத்தை உரித்து வாயில் திணித்தார். அதை விழுங்குவதற்குள் அடுத்தது வந்தது. நல்ல மனிதர், பெரிய பழம்.

ரோட்டுப் பக்கம் விசில் சத்தம் கேட்டது. திண்டித் தலைவர் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். பல்லக்கு வரிசையில் இவர்கள் இடம் காலியாகிக் கிடக்கிறதாம். மூர்த்தியின் தோளைப் பிடித்து ரோட்டுப் பக்கம் திருப்பினார். திண்டி மொத்தமும் பின்னாலிருந்து நெட்டித் தள்ளியது. வாய் நிறையப் பழத்தோடு மூர்த்தி திரும்பித் திரும்பிப் பார்த்தான். சவரிமுத்துவும் ஆஷாவும் கைகூப்பி நின்றார்கள்.

ஹடப்சரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வீணை நனைந்து கெட்டுப்போனால் யாருக்குப் பதில் சொல்வது? மூர்த்தி முதுகுப் பையிலிருந்து தன் மழைக்கோட்டை எடுத்து வீணைக்குப் போட்டுவிட்டு, தான் தொப்பலாக நனைந்தான். பயத்தில் செய்த காரியம். ஆனால் பார்த்தவர்களுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் நனைந்து வீணையைக் காக்கிறான், இளம் வயதில் எவ்வளவு பக்தி! செய்தி பின்னால் வந்த திண்டிகளுக்கும் பரவியது. ஓடிவந்து ஓடிவந்து காலில் விழுந்தார்கள். தாத்தா வயதில் இருப்பவர்கள்கூட விழுந்தார்கள். மூர்த்திக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அது பார்க்கத் தியானம் மாதிரியே இருந்தது.

அந்த ஆரவாரத்துக்கு நடுவிலும் அவனுக்கு ஒருதரம் வார்டனின் சாவிக்கொத்துச் சத்தம் கேட்டது. பயந்தவனுக்குத் தாளமும் சாவிக்கொத்துதான் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டான்.

ஆனால் நடக்க நடக்க வேறொன்றும் நடந்தது. ஒரு கிராமத்துப் பெண் அவனுக்குச் சூடான டீயை ஊதிக் கொடுத்தாள். முடிவெட்டுகிற ஒருவர் ரோட்டோரம் துணி விரித்து, அவன் நின்றபடியே இருக்க, கெண்டைக்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். சக்குபாய் பொட்டலத்திலிருந்த ரொட்டியைப் பிய்த்து ஊட்டினாள். ஒருவருக்கும் அவன் பெயர் தெரியாது. எந்த ஊர், என்ன மொழி என்று யாரும் கேட்கவில்லை. மாவுலி என்றார்கள், அவ்வளவுதான். மாவுலி என்றால் தாய் என்று இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் சொன்னார். ஈப்போவை விட்டு வந்த பிறகு யாரும் அவனுக்கு ஊட்டிவிட்டதில்லை. மழைத் தண்ணீரோடு கண்ணீரும் சேர்ந்து வந்தது. நல்லவேளையாக இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மலைப்பாதை ஏறுவதற்கு முன்னால் வட்கி கிராமத்தில், ஒரு தண்ணீர் லாரியிலிருந்து வீணைக்காரர் குதித்தார். இவ்வளவு நேரமும் திண்டியை அதன் இடத்தில் தேடித் தேடிக் காணாமல் மனிதர் அழுதேவிட்டிருந்தார். திண்டி அப்போது ஹடப்சர் சந்துக்குள் வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? வீணை கை மாறியது. அவர் இவன் காலைத் தொட்டார். இவனும் அவர் காலைத் தொட்டான். இந்த முறை மனதாரத் தொட்டான்.

ஒரு பால் வண்டியில் தொற்றிக்கொண்டு மூர்த்தி ஹடப்சர் திரும்பியபோது பொழுது சாய்ந்துவிட்டது. குல்லாயைச் சக்குபாயிடமே கொடுத்திருந்தான், ஷூவைக் கேட்கத்தான் மறந்துவிட்டான். நெற்றிச் சந்தனத்தை மழை கழுவியிருந்தது.

"ஏய்யா, மூர்த்தியா? இப்பமா வார?" என்றாள் ஆஷா. இப்போதுதான் அவள் வாயிலிருந்து தமிழ் வந்தது. "அவுக ரயிலுக்குப் போயிட்டாகளே! மத்தியானம் வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாக."

மூர்த்தி படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"எங்கய்யா போயிட்ட? செருப்புகூட இல்லாம வந்திருக்கியே! உள்ள வா, மொதல்ல சாப்பிடு." சோற்றைப் போட்டு மீன் குழம்பை ஊற்றினாள். "இன்னிக்கு நம்ம வீட்டுக்கு என்ன யோகம் தெரியுமா? காலையில ஒரு பெரிய வீணைக்கார சாமி, கூட்டத்தோட நம்ம வாசலத் தேடி வந்து நின்னாரு! இந்தச் சந்துல எத்தன வீடு இருக்கு, நம்ம வாசல்லதான் நின்னாரு. அவுகளுக்கு ஒரே சந்தோசம். 'பெரியவுக வந்து போயிருக்காக, கல்யாணம் நல்லபடியா முடியும்'னு கும்பிட்டுட்டுக் கெளம்பினாக."

"அவரு மொகம் எப்படி இருந்துச்சு ஆண்ட்டி?" என்று மெல்லக் கேட்டான் மூர்த்தி.

"மொகத்த யாருய்யா பாத்தா? காலத்தானே கழுவுனேன்."

மூர்த்தி இரண்டு காலையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"நான் திங்கக்கிழமை வந்து உங்க வார்டன்ட்ட பேசுதேன். நாளைக்குக் கோயில், ஸண்டே ஸ்கூல்னு எனக்கு நவுர முடியாது," என்றாள் ஆஷா. சவரிமுத்துவின் பழைய செருப்பையும் கொடுத்தாள். திங்கட்கிழமைக்குள் கட்டிலில் வேறு பையன் படுத்திருப்பான் என்பதை மூர்த்தி சொல்லவில்லை. அவளுடைய சந்தோஷத்தில் மண்ணள்ளிப் போட மனம் வரவில்லை.

ஹாஸ்டலில் வார்டன் அறை பூட்டியிருந்தது. திட்டுகூட நாளைக்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு மூர்த்தி பெட்டியைக் கட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் குளித்து, பெட்டியைக் கதவோரம் வைத்து, கட்டிலில் உட்கார்ந்து காத்திருந்தான். அப்பாவுக்கு என்ன சொல்வது என்று யோசித்தான். நேற்றைய நாளைத் திருப்பிக் கொடுத்து ஹாஸ்டலை வாங்கிக்கொள் என்றால் கொடுப்பானா? கொடுக்கமாட்டான் என்றுதான் தோன்றியது. கால் வலித்தது, மனசு என்னவோ நிறைந்திருந்தது. போகிற இடத்தில் இந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசக் கூடாது என்று முடிவு செய்துகொண்டான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. துரைசாமி ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் அவல் போஹா தட்டுமாக நின்றார். மெஸ்ஸிலிருந்து ரூமுக்குச் சாப்பாடு வருவது அந்த ஹாஸ்டலில் இதுவரை நடக்காத காரியம்.

"இது எதுக்குண்ணே?"

"சாப் குடுத்தனுப்பினாரு."

"எந்த சாப்?"

"வார்டன் சாப்தான்."

"சாப்பிட்டுட்டுக் கெளம்பணுமாண்ணே?" மூர்த்தி பெட்டியைப் பார்த்தான். "நானே போய் அவர்கிட்ட சொல்லிட்டுப் போறேன்."

"நீ போனா அவரு கதவைத் தொறக்கமாட்டாருப்பா," என்றார் துரைசாமி, தட்டை மேஜையில் வைத்தபடி. "வருசா வருசம் பல்லக்கு கூட வட்கி வரைக்கும் நடந்துட்டு வருவாரு. நேத்து மழையில யாரோ வீணைக்கார மகான்னு நெனைச்சு ஓடிப்போய் உன் கால்ல விழுந்துட்டு, எந்திரிச்சுதான் மூஞ்சியப் பாத்தாராம். தான் விழுந்து கும்பிட்ட ஆளை எந்த வாயால வெளிய போடான்னு சொல்றதுன்னு காலையிலேர்ந்து உள்ளாறவே தாப்பா போட்டுகினு உக்காந்திருக்காரு!"